மழைக்காலத்தில் மூன்று மாதம் ஊரில் இல்லை: பைக்கை எப்படி விட்டுப்போவது?

ஐப்பசி பிறக்கும்போது கிளம்பித் தை பிறந்த பிறகு திரும்புகிறவர்கள் நம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் நிறைய உண்டு. கப்பல் வேலைக்காரர்கள், வளைகுடாவுக்குப் போகிறவர்கள், பெங்களூரில் மூன்று மாத பிராஜெக்ட் என்று பெட்டி கட்டுகிற பிள்ளைகள், பிரான்சில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய்ப் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருகிற புதுச்சேரிப் பெரியவர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பார்கள், கரண்ட் பில் கட்ட ஆள் வைப்பார்கள். பைக்குக்கு மட்டும் எல்லாரும் ஒரே ஏற்பாடுதான் செய்கிறார்கள்: சாவியைத் தம்பியிடமோ மச்சானிடமோ கொடுத்து, “வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வெச்சிடுப்பா” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுவது. இருக்கிற வழிகளில் மிக மோசமானது இதுதான் என்பது என் கட்சி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பாரிஸ் பக்கம் இருக்கும் உறவுக்காரர்களைக் கேட்டால் வேறு யோசனை சொல்வார்கள். குளிர் கடுமையான நாடுகளில் நவம்பரில் பைக்கைப் போர்த்திவிட்டு மார்ச்சில் எடுப்பது சாதாரணம். டாங்க் நிறையப் பெட்ரோல், புது ஆயில், பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள், டயர் தரையில் அழுந்தாதபடி ஸ்டாண்ட். எல்லாமே நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த ஏற்பாடு குளிரை மனதில் வைத்துச் செய்தது. சார்ஜ் இறங்கிய பேட்டரி பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்து வெடித்துவிடும். சாலையில் பனிக்கட்டி பிடிக்காமலிருக்கத் தூவும் உப்பு ரிம்மையும் செயினையும் அரிக்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே வண்டியைக் கெடுப்பது ஈரமும் கடல் உப்பும் வெள்ளமும். அதனால் வெளிநாட்டு யோசனையில் சிலது அப்படியே பொருந்தும், சிலது பொருந்தாது, ஒன்றிரண்டு தலைகீழாகிவிடும். உதாரணத்துக்கு, லெட்-ஆசிட் பேட்டரி சும்மா இருக்கும்போது சார்ஜ் இழக்கிற வேகம், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். குளிர்ந்த கேரேஜில் மூன்று மாதம் தாங்கும் பேட்டரி புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தாங்கும் என்று நம்ப முடியாது.

முதலில் இடம்

பெட்ரோல் நிரப்புவதா, காலி செய்வதா என்கிற வாதமெல்லாம் வண்டி தண்ணீருக்கு மேலே நிற்கும்வரைதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வாசலில் நின்ற வண்டிகள் தண்ணீருக்குள் போயின. கடலூரில் நடந்தது வேறு. அங்கே வெள்ளம் புயலோடு வரவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் பெய்த மழையால் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணை வழியாக வந்து சேர்ந்தது. மழை விட்டுவிட்டது, இனி பயமில்லை என்று வண்டியை மறுபடி வாசலில் இறக்கி நிறுத்தியவர்களுக்கு அதுதான் ஆபத்தான நேரம். தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் அருகில் வீடு இருந்தால், நம் தெருவில் பெய்யும் மழையை மட்டும் வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

ஆகவே நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி கூரையைப் பற்றியது அல்ல, உயரத்தைப் பற்றியது. 2015 நவம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சுவரைத் தொட்டே காட்டுவார்கள். அந்த மட்டத்துக்கு மேலே சைலன்சர் வாய் இருக்க வேண்டும். சைலன்சருக்குள் தண்ணீர் புகுந்தால், எஞ்சின் நிற்கும் நிலையில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்தால், அது நேரே சிலிண்டருக்குள் போய்விடும்.

திண்ணையோ போர்டிகோவோ உயரமாக இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் வேறில்லை. ஸ்ப்ளெண்டர் மாதிரி 112 கிலோ வண்டியை இரண்டு பேர் சேர்ந்து நாலு படி ஏற்றிவிடலாம். 195 கிலோ கிளாசிக் 350 என்றால் பலகை போட்டு, மூன்று பேர் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது எஞ்சினை ஓடவிட்டு முதல் கியரில் மெதுவாக நகர்த்துகிற வித்தை சிலருக்குத் தெரியும். பழக்கமில்லாதவர்கள் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

அடுக்குமாடியில் தூண்களுக்கு நடுவே உள்ள தரைத்தளப் பார்க்கிங் பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும், வெயிலும் படாது. ஆனால் பல கட்டடங்களில் அது தெருவைவிடத் தாழ்ந்தே இருக்கிறது, சாக்கடை எதிர்த்து வருகிற முதல் இடமும் அதுதான். தகர ஷெட்டை நான் நம்புவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அந்தக் காற்றுக்கு முன்னால் நாலு ஆணியில் நிற்கும் தகரம் எம்மாத்திரம்? மரத்தடியும் அதே காரணத்துக்காக வேண்டாம். ரயில் நிலையத்துக் கட்டண ஸ்டாண்டில் நாள் கணக்கில் வாங்குகிற பணம் மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் பார்த்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான். அதிலும் மேலே கூரை இல்லாத ஸ்டாண்டென்றால் பேசவே வேண்டாம்.

வீட்டில் உயரமான இடமே இல்லை, தெருவும் பள்ளம் என்றால், மேட்டுப்பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் சரி. புதுச்சேரிக்காரர்களுக்கு லாஸ்பேட்டையில் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இல்லாமல் இருக்காது.

யார் கையில் விடுவது

இதில் நான்கு வழிகள் உண்டு. வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்வது, ஒருவரிடம் கொடுத்து ஓட்டச் சொல்வது, மெக்கானிக் கடையில் விடுவது, முறையாகத் தயார் செய்து மூடிவிட்டுத் தொடாமல் விடுவது.

முதல் வழியை ஏன் மோசம் என்கிறேன்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஓடுகிற வண்டியில் அது நீராவியாகச் சைலன்சர் வழியே வெளியே போய்விடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடி அணைகிற வண்டியில் சைலன்சர் முழுக்கச் சூடேறுவதே இல்லை. உள்ளே வந்த ஆவி அங்கேயே குளிர்ந்து தண்ணீராகித் தங்குகிறது. சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாவது இப்படித்தான். அதே ஈரம் பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்து ஆயிலிலும் சேரும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெள்ளையாக நுரைத்த கசடு ஒட்டியிருக்கும்.

பேட்டரிக்காவது நன்மை உண்டா என்றால் அதுவும் இல்லை. செல்ஃப் மோட்டார் ஒரே இழுப்பில் எடுத்துக்கொள்கிற கரண்ட்டை ஐடிலிங்கில் ஓடும் எஞ்சின் ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திருப்பிக் கொடுக்கும் என்று நம்ப முடியாது. போதாக்குறைக்கு, 2017 ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரியும், அணைக்க சுவிட்ச் கிடையாது. வருகிற கொஞ்ச கரண்ட்டையும் அது சாப்பிட்டுவிடும். பன்னிரண்டு வாரம் அன்போடு ஸ்டார்ட் செய்து வைத்த மச்சான், பதின்மூன்றாம் வாரம் “பேட்டரி போயிடுச்சு மாமா” என்று போன் செய்வார். அவர்மேல் குற்றமில்லை, நாம் சொன்னதைத்தான் செய்தார்.

ஓட்டச் சொல்வது வேறு விஷயம். வாரத்துக்கு ஒருமுறை, மழை விட்ட நாளில், 15 அல்லது 20 கிலோமீட்டர் சீராக ஓடினால் எஞ்சினும் ஆயிலும் சைலன்சரும் முழுச் சூட்டுக்கு வந்து ஈரம் வெளியேறும், பேட்டரி ஏறும், செயின் சுற்றும், பிரேக் ஒட்டிக்கொள்ளாது. புதுச்சேரியிலிருந்து பாகூர் வரை போய் வந்தால் தாராளம். கிக்கரும் கார்புரேட்டரும் உள்ள பழைய வண்டிகளுக்கு இது மிகவும் ஒத்துப்போகும். ஆனால் ஆள் சரியாக அமைய வேண்டும். தேங்கிய தண்ணீரில் இறங்காதவர், ஓட்டி முடித்ததும் சேற்றைக் கழுவித் துடைக்கிறவர், முக்கியமாக லைசென்ஸ் உள்ளவர். பிளஸ் டூ படிக்கிற அக்கா மகன் ஆசையாகக் கேட்பான், கொடுக்காதீர்கள். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி 18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் சிறையும்கூட வரலாம். நவம்பர் முழுக்க அடைமழை பிடித்துக்கொள்கிற வருடத்தில் இந்த ஏற்பாடு தானாகவே சுருங்கி, மறுபடி “நின்ற இடத்தில் ஸ்டார்ட்” ஆகிவிடும் என்பது இதில் உள்ள பெரிய ஓட்டை. அப்படி ஆகிறதென்றால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மெக்கானிக் கடையில் விடலாம் என்பார்கள். தெரிந்த மெக்கானிக், சொந்தக் கட்டடம், உயரமான தரை என்றால் யோசிக்கலாம். பெரும்பாலான கடைகள் சாலையோரம்தான். பகலில் வண்டிகளைத் தூக்கி வெளியே வைத்து, இரவில் உள்ளே நெருக்கி அடுக்குவார்கள். டாங்க்கில் கீறல் விழ ஒரு வாரம் போதும். புயல் முடிந்த மறுநாள் தண்ணீர் குடித்த வண்டிகள் வரிசை கட்டும்போது உங்கள் வண்டிக்கு அங்கே இடம் இருக்காது. அதைவிட, கிளம்புவதற்கு முன்தினம் அந்த மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்துக் கீழே சொல்லும் வேலைகளைச் செய்துகொள்வதும், திரும்பியதும் மறுபடி அழைத்துத் திறக்கச் சொல்வதும் உத்தமம். குனிந்து நிமிர முடியாத பெரியவர்களுக்கு இதுவே என் சிபாரிசு.

மற்றவர்களுக்கு? தயார் செய்து மூடிவிடுங்கள், யாரும் தொட வேண்டாம். எரிபொருளைப் பம்ப் மூலம் செலுத்தும் எஃப்ஐ வண்டி, கிக்கர் இல்லாத வண்டி என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை.

டாங்க் நிறையவா, காலியா

நிறைய. பாதி டாங்க்தான் இருப்பதிலேயே தொல்லை. காலி இடத்தில் இருக்கும் ஈரக் காற்று இரவில் டாங்க்கின் இரும்புச் சுவரில் வியர்த்து, துருவாகவும் தண்ணீராகவும் கீழே இறங்கும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓரளவு தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் போய் உட்காரும். பம்ப்போ பெட்ரோல் டேப்போ உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். டாங்க் நிறைய இருந்தால் ஈரக் காற்றுக்கு உள்ளே இடமே இல்லை. ஸ்ப்ளெண்டருக்கு 9.8 லிட்டர், கிளாசிக் 350-க்கு 13 லிட்டர். கடலூர்க்காரர்கள் புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டி விலை குறைந்த பெட்ரோல் போடுகிற வழக்கத்துக்கு இது நல்ல சாக்கு.

கார்புரேட்டர் வண்டி என்றால் டாங்க் நிறைய, கார்புரேட்டர் காலி. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், பிறகு கார்புரேட்டர் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். சும்மா விட்டால் அந்தச் சிறு கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மட்டும் தங்கி, ஜெட் என்கிற நுண்துளையை அடைக்கும். எஃப்ஐ வண்டியில் இந்த வித்தையைச் செய்யாதீர்கள். அதன் பம்ப் பெட்ரோலில் மூழ்கி நின்று குளிர்கிற ஜாதி, வறண்டு ஓடினால் கெட்டுவிடும். ஆறு மாதத்துக்கு மேல் என்றாலோ ரயிலில் பார்சலாக அனுப்புவதென்றாலோதான் டாங்க்கைக் காலி செய்வது பற்றிய பேச்சு.

நிறைந்த டாங்க் ஒரு புது ஜாக்கிரதையையும் கேட்கும். வண்டி திண்ணையில், கார்த்திகை தீபத்தன்று அதே திண்ணையில் அகல் வரிசை. வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தீபாவளி உங்கள் பயணத்துக்குள் வந்தால் அதற்கும் சேர்த்து.

பேட்டரி

மூன்று வழி: அப்படியே விடுவது, நெகட்டிவ் ஒயரை மட்டும் கழற்றுவது, முழுதாகக் கழற்றி சார்ஜ் ஏற்றி வைப்பது. அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கடிகாரம், திருட்டு அலாரம், டிராக்கர் எல்லாம் சேர்ந்து 2 மில்லியாம்பியர் மட்டுமே இழுக்கிறது என்று வையுங்கள். 90 நாளில் அது 4 ஆம்பியர்-மணிக்கு மேல். சிறிய பைக்குகளின் பேட்டரி மொத்தமே 3, 4 ஆம்பியர்-மணிதான். ஆகவே நெகட்டிவ் முனையைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி வைப்பது குறைந்தபட்சம். செலவில்லை, ஐந்து நிமிட வேலை. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

தானாக நின்றுவிடும் ஸ்மார்ட் சார்ஜரை வாங்கி மூன்று மாதமும் மாட்டி வைப்பது வெளிநாட்டு யோசனை. பூட்டிய வீட்டில், புயல் நாளில் கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில், ஆள் இல்லாமல் ஒரு சார்ஜரை ஓடவிட எனக்கு மனம் வராது. கிளம்பும் முன் முழுச் சார்ஜ் ஏற்றி, கழற்றி, மாடியில் வெயில் படாத அலமாரியில் வைத்துவிட்டு, நடுவில் ஒருமுறை மட்டும் யாராவது சார்ஜ் ஏற்றினால் போதும். ஓய்வு நிலையில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடாமல் இருந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிவதைத் தவிர்க்கலாம்.

துருவும் போர்வையும்

கடலோரம், தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ வீடு இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியே சாட்சி. மூடும் முன் நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைப்பது பாதி வேலையை முடித்துவிடும். உப்பு மேலே இருக்கும்போதே எண்ணெய் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். காய்ந்த பிறகு க்ரோம் பாகங்கள், ஸ்போக், போல்ட் தலைகள் எல்லாவற்றிலும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, செயினுக்கு மண்ணெண்ணெயில் சுத்தம் செய்து நல்ல பூச்சு. டயரிலும் பிரேக் டிஸ்க்கிலும் மட்டும் எண்ணெய் படக்கூடாது. ஆயிலைப் போகும்போதே மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் மூன்று மாதம் பேரிங்குகளைத் தொட்டுக்கொண்டு கிடப்பதில் யாருக்கும் லாபமில்லை.

போர்த்துவதில் பலரும் பிளாஸ்டிக் கவரையோ தார்ப்பாயையோ இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். கூரைக்குக் கீழே நிற்கும் வண்டிக்கு அது கெடுதல். உள்ளே ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் வியர்த்துக்கொண்டே இருக்கும். பழைய காட்டன் பெட்ஷீட் போதும், தூசியும் தடுக்கும், மூச்சும் விடும். வெட்டவெளியில் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் கவர் தேவை. ஆனால் அடியில் காற்றுப் போக இடைவெளி விட்டு, கயிறு போட்டுக் கட்டுங்கள். கட்டாத கவர் புயல் காற்றில் பாய்மரமாகி வண்டியையே சாய்த்துவிடும். மண் தரையில் சைடு ஸ்டாண்டும் கூடாது, மழையில் மண் இளகி இறங்கிவிடும். சென்டர் ஸ்டாண்ட், கீழே ஒரு கடப்பைக்கல் துண்டு.

சைலன்சர் வாயைத் துணியால் அடையுங்கள். ஈரத்துக்காக மட்டுமல்ல, குளவிக்காகவும். சும்மா கிடக்கும் குழாயைக் கண்டால் மண்குளவிக்குக் கொண்டாட்டம். சீட்டுக்கு அடியில் ஒயரைக் கடிக்கும் எலிக்கு அந்துருண்டை போட்டு வைப்பார்கள். முழுதாகப் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன், போடுவதில் நஷ்டமில்லை.

இன்சூரன்ஸ் காகிதம்

இதைக் கிளம்பும் முன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குகளுக்கு ஐந்து வருட இன்சூரன்ஸ் கட்டாயம் என்பதால் எல்லாம் பத்திரம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஐந்து வருடம் மூன்றாம் நபருக்கான பகுதிதான். வெள்ளத்தில் உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கு ஓன் டேமேஜ் பகுதி நடப்பில் இருக்க வேண்டும், பெரும்பாலும் அது முதல் வருடத்தோடு முடிந்துபோயிருக்கும். அக்டோபரில் புதுப்பிக்க மறந்தால் டிசம்பரில் பயனில்லை. வண்டி மூழ்கிவிட்டால் யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கக்கூடாது என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். அந்தச் சேதத்தைத் தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று சொல்லி இன்சூரன்ஸில் தள்ளிவிடவும் கூடும். போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, தள்ளிக்கொண்டோ டெம்போவில் ஏற்றியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோவதுதான் முறை.

திரும்பி வந்த அன்று

பொங்கலுக்கு வந்து இறங்கியதும் நேரே சாவியைப் போடாதீர்கள். சைலன்சரில் அடைத்த துணியை எடுங்கள், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். டயரில் காற்று குறைந்திருக்கும், அதை ஏற்றுங்கள். ஆயில் மட்டம் இருக்க வேண்டியதைவிடக் கூடியிருந்தாலோ வெளுத்திருந்தாலோ உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாம் சரி என்றால் பேட்டரியை மாட்டி, கிளட்சைப் பிடித்துக்கொண்டு கியரில் போட்டு முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருந்தால் இதிலேயே விடுபடும். பிரேக்கைப் பலமுறை அழுத்தி, டிஸ்க்கில் எண்ணெய் படவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் ஸ்டார்ட். முதல் கிலோமீட்டரைத் தெருவுக்குள்ளேயே ஓட்டிவிட்டு, பிரேக் சரியாகப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு ஈசிஆர் பக்கம் திருப்புங்கள்.